எட்டு டம்ளர் தண்ணீர்

பத்தாம் கேள்வியைச் செந்தாமரை நாலாவது தடவையாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் கேள்வி மாறிவிடுமா என்ன? ‘நீங்கள் நேரில் பராமரித்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய உடல்நலத்தைப் பாதித்த உடல் காரணங்கள், மனக் காரணங்கள், சூழல் காரணங்கள் மூன்றையும் விளக்கி எழுதுக. பதினைந்து மதிப்பெண்.’ மற்ற ஒன்பது கேள்விகளையும் அரை மணி நேரத்தில் ஊதித் தள்ளியிருந்தாள். படுக்கைப் புண் வராமலிருக்க எப்போது புரட்டிப் படுக்கவைப்பது, கையை எப்படிக் கழுவுவது, மாத்திரைகளைக் காலை மதியம் இரவு என்று எப்படிப் பிரித்து வைப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆறு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அதில் என்ன கஷ்டம்? இந்தக் கடைசிக் கேள்வியும் அப்படித்தான் என்று வகுப்பெடுத்த பிரிசில்லா மிஸ் போன வகுப்பில்கூடச் சொன்னார். "உங்களுக்கென்னங்க, உங்க பேஷன்ட்டைக் கண்ணு முன்னால நிறுத்துங்க, பார்த்துப் பார்த்து எழுதுங்க, முடிஞ்சுது." செந்தாமரையும் நிறுத்தினாள். வந்து நின்றது கமலவேணியக்கா. நின்றது என்று சொல்வதே தப்பு, அக்காவால் பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாது. வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை பூத்து, "ஒண்ணும் வேண்டாம் தாமரை, நீ உக்காரு" என்றார். நாக்கைப் பற்றி யார் கேட்டார்கள்? நாக்கு ஏன் ஞாபகத்துக்கு வருகிறது? பேனாவை மூடினாள். திறந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும். அதை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். கமலவேணியக்காவின் மகள் நித்யகலாவுக்கு பேங்கில் வேலை. நேற்று சாயந்திரம் டூட்டி முடித்துச் செந்தாமரை செருப்பை மாட்டும்போது வாசலுக்கு வந்து சொன்னாள். "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வண்டி வருதுங்க்கா. பொள்ளாச்சி ரோட்டுல ஒரு ஹோம்ல எடம் கெடைச்சிருச்சு. மறதி வந்தவங்கள மட்டும் பார்த்துக்கற எடம். கேட்டைப் பூட்டியேதான் வெச்சிருப்பாங்களாமா, வெளிய போயிருவாங்கன்னு பயமில்ல. நீங்க நல்லபடியாப் பரீச்சைய எழுதுங்க. ஏஜென்சில பேசி வேற வீட்டுல டூட்டி போடச் சொல்றேன்." சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால், இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தபோது, அறுபத்து நாலு வயதில் அந்த அம்மாவுக்கு இருந்த ஞாபகசக்தியைப் பார்த்துச் செந்தாமரையே அசந்துபோயிருக்கிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டர். கோயமுத்தூரின் பழைய கடைகளுக்கெல்லாம் நம்பர் மனப்பாடமாகச் சொல்லுவார். அவர்தான் ஒரு மாதமாகக் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "மேட்டுப்பாளையம் லைன் கெடைக்கலீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சுவரைப் பார்த்துப் பேசுகிறார். சொந்த மகளைப் பார்த்து, செத்துப்போன தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒருநாள் தன் வளையலைத் திருடிவிட்டதாக நித்யாவைப் பிடித்து உலுக்கினார், வளையல் கையிலேயே இருந்தது. பாவம் அந்தப் பெண் என்ன செய்யும்? ஹோமில் சேர்க்காமல் என்ன செய்யும்? "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செந்தாமரை பஸ் ஏறினாள். வேறென்ன சொல்ல முடியும், நாம் வேலைக்காரி, அவர்கள் வீட்டு விவகாரம் என்று காந்திபுரம் வருகிற வரைக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடிவயிறு கனத்தது. பயத்தில்தான் என்று நினைத்தாள், பயம் மட்டுமல்ல. காலையில் கிளம்பும் அவசரத்தில் போகாமல் வந்துவிட்டாள். பரீட்சை ஹாலில் அடிக்கடி எழுந்து போகக் கூடாதே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. குடிக்காமலிருந்தும் முட்டிக்கொண்டு வருகிறது, இது என்ன கணக்கோ. டுடோரியல் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே முப்பது பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இவளைப் போலத்தான், பகலில் யாரையாவது குளிப்பாட்டி ஊட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து படித்தவர்கள். அடுத்த மாதத்திலிருந்து சர்டிபிகேட் இல்லாதவர்களுக்கு டூட்டி கிடையாது என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருக்கிற மகளுக்கு இவளை விட்டால் யாரும் இல்லை. எனவே எழுது. எழுதித் தொலை. ஆனால் கால் இரண்டும் தானாகப் பின்னிக்கொண்டன. கையைத் தூக்கினாள். மேற்பார்வைக்கு வந்திருந்த சார், வெளியூர்க்காரர், கட்டம் போட்ட சட்டை, நாற்காலியில் இருந்தபடியே புருவத்தை உயர்த்தினார். எல்லோருக்கும் கேட்குமே என்று கூச்சமாக இருந்தது. நாற்பத்தோரு வயதுப் பொம்பளை. "பாத்ரூம் போகோணுங் சார்" என்றாள், பாதி விழுங்கி. சார் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பத்தானே வந்து உட்கார்ந்தீங்க? அதுக்குள்ளயா? ஒரு மணி நேரம் ஆகட்டும்மா, ரூல்ஸ் அப்படி." அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்து வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். செந்தாமரைக்கு முகம் சுட்டது, காது மடல் சுட்டது. இனி செத்தாலும் இந்த ஆளிடம் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த அடுத்த நொடியே உறைத்தது. இதே வார்த்தையை அவள் சொல்லியிருக்கிறாள்.

எப்போது என்றுகூடத் தெரியும். எதற்குத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும்? இரண்டு மாதத்துக்கு முந்தி, ஒரு வியாழக்கிழமை, மத்தியானம். அக்காவை நடக்கவைக்க வேண்டும், டயப்பர் ராத்திரிக்கு மட்டும்தான், பகலில் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று பிசியோ டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைத்து, நிறுத்தி, வாக்கரைக் கையில் கொடுத்து, பதினேழு அடி நடத்தி, திரும்பவும் உட்காரவைத்து, திரும்பவும் தூக்கி. அக்கா கொஞ்சம் கனத்த உடம்பு. செந்தாமரைக்கு முதுகில் டிஸ்க் விலகியிருந்தது, ஏஜென்சிக்குத் தெரியாது, தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள், அதனால் புடவைக்குள் பெல்ட் கட்டிக்கொண்டு, வலி மாத்திரையை முழுங்கிக்கொண்டு சிரித்த முகமாக நிற்பாள். அந்த வியாழக்கிழமை சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாவது தடவையாக அக்கா, "தாமரை, கொஞ்சம் எந்திரிக்கோணும் அம்மிணி" என்று சொன்னபோது முதுகிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் சுளீரென்று இழுத்தது. "இப்பத்தானுங்க்கா போனீங்க? அதுக்குள்ளயா?" என்றாள். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. கூட்டிக்கொண்டும் போனாள். ஆனால் அக்காவின் முகம்! அதைப் பார்க்காத மாதிரி அன்றைக்கு வாக்கரின் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தாளே, அந்த முகம் இப்போது வினாத்தாளுக்கு மேலே வந்து நிற்கிறது. வெட்கப்பட்ட முகம். இப்போது இவள் முகம் சுடுகிறதே, இதே மாதிரிச் சுட்டிருக்கும். முப்பது வருஷம் ஆறு மணி நேர ஷிப்டில் மாற்று ஆள் வராமல் சீட்டை விட்டு எழாதவர், "எங்களுக்கெல்லாம் அடக்கறது பழகிப்போச்சு தாமரை" என்று பெருமையாகச் சொன்னவர். அவரிடம் போய்ச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அக்கா கேட்பது குறைந்தது. நாலு தடவை மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. சில நாள் பகல் முழுக்க ஒருதடவைகூட இல்லை. செந்தாமரைக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன செய்தாள்? சந்தோஷப்பட்டாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மனசுக்குள் ஒரு நிம்மதி, அப்பாடா, முதுகு தப்பித்தது என்று. டம்ளரில் வைத்த தண்ணீர் அப்படியே இருக்கும், "குடிக்கலீங்களா?" என்பாள், "பொறவு குடிச்சுக்கறேன் அம்மிணி" என்பார், இவளும் விட்டுவிடுவாள். சாயந்திரம் அதைக் கொண்டுபோய்ச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக் கழுவி வைப்பாள். பிறகு பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளை எடுப்பாள். எத்தனை டம்ளர் உள்ளே, எத்தனை தடவை வெளியே. ஒவ்வொரு தடவையும் அப்போதைக்கப்போதே எழுத வேண்டிய தாள் அது. எந்த வீட்டில் எந்தப் பெண் அப்படி எழுதியிருக்கிறாள்? செருப்பு மாட்டுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் மொத்தமாக எழுதுவதுதான் வழக்கம். எட்டு என்று எழுதினால் வம்பில்லை. ஐந்து என்றால் வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், பத்துக்கு மேல் போனால் நம்ப மாட்டார்கள். எட்டுதான் ராசியான எண். எட்டு, எட்டு, எட்டு, நடுவில் ஒரு ஏழு, நம்பும்படி இருக்கட்டும் என்று. ராத்திரி டயப்பர் காலையில் ஈரமில்லாமல் இருக்கிறது என்று நித்யாவும் நிம்மதியாகத்தான் சொன்னாள், "அம்மாவுக்கு இப்பத் தொந்தரவே இல்லீங்க்கா." இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். குழப்பம் ஆரம்பித்த பிறகு நித்யா டாக்டரிடம் போனில் பேசி, அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "தண்ணியெல்லாம் நல்லாத்தானே குடிக்கறாங்க. அப்ப இது மறதி நோயோட தொடக்கமா இருக்கலாம்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. செந்தாமரை அப்போது கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நாலு மூலையையும் சரியாக மடித்தாள்.

அது மறதி நோயில்லை. நாலாம் பாடம். இரண்டு வாரத்துக்கு முன்னால் பிரிசில்லா மிஸ் போர்டில் மூன்று வட்டம் போட்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி வரைந்து, உடல், மனம், சூழல் என்று எழுதினார். "வயசானவங்களுக்குத் திடீர்னு புத்தி தடுமாறுச்சுன்னா உடனே மறதின்னு முடிவு கட்டாதீங்க. தண்ணி எத்தனை குடிச்சாங்க, ஒண்ணுக்கு எப்படிப் போச்சு, அதைப் பாருங்க. தண்ணி கொறைஞ்சாலும் தடுமாறும், மூத்திரத்துல கிருமி இருந்தாலும் தடுமாறும். கவனிச்சாச் சரியாப் போகும். விட்டுட்டா உசுருக்கே ஆபத்து." செந்தாமரை அதை நோட்டில் எழுதினாள், சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டாள், ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய், சாயந்திரம் முழு டம்ளரைத் தொட்டியில் கொட்டினாள். இது எப்படி முடிந்தது? ஒரே தலை, அதே இரண்டு கண். படிக்கிறவள் ஒருத்தி, கொட்டுகிறவள் ஒருத்தியா? இல்லை, தெரிந்தேதான். தெரிந்துவிடுமோ என்று பயந்துதான் தெரியாமல் இருந்தாள். உசுருக்கே ஆபத்து என்றாரே. பூட்டின கேட்டுக்குள் அக்காவைக் கொண்டுபோய் வைப்பார்கள், தூக்க மாத்திரை கொடுப்பார்கள், அங்கேயும் அக்கா யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார், தண்ணீர் கேட்க மாட்டார். எத்தனை நாள் தாங்கும்? மணி பதினொன்று ஆக ஐந்து நிமிஷம்.

வேறு ஆளைப் பற்றி எழுதலாம். ஏன் எழுதக் கூடாது? தாராபுரத்தில் பார்த்துக்கொண்ட ரைஸ்மில்காரர் இருக்கிறாரே, சர்க்கரை, கால் புண், மகன்களோடு சண்டை, மூன்று காரணமும் தட்டில் வைத்த மாதிரி. எழுத ஆரம்பித்தாள். ‘இவருக்கு வயது எழுபது.’ அதற்கு மேல் கை போகவில்லை. அடித்தாள். பிறகு என்ன வேகமோ, அடித்த வரிக்குக் கீழே எழுத்து தானாக ஓட ஆரம்பித்தது. ‘கமலவேணி, வயது 64. உடல் காரணம்: தண்ணீர் குடிக்காதது. மனக் காரணம்: பார்த்துக்கொள்பவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற வெட்கமும் பயமும். சூழல் காரணம்:’ இங்கே ஒரு நிமிஷம் நின்று, ‘பார்த்துக்கொள்பவர்’ என்று எழுதினாள். பார்த்துக்கொள்பவரின் முதுகு வலி, அதை மறைத்தது, வேலை போய்விடும் என்ற பயம், பொய்த் தாள், எல்லாம் எழுதினாள். ஒரு பக்கம் நிறைந்தது. படித்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது. நன்றாகவே இருந்தது. மூன்று காரணமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, மிஸ் போர்டில் போட்ட மாதிரியே இருந்தது. இந்தப் பேப்பர் சென்னைக்குப் போகும், முகம் தெரியாத யாரோ திருத்துவார்கள், அவர்களுக்குக் கமலவேணியையும் தெரியாது, செந்தாமரையையும் தெரியாது, கற்பனை என்று நினைத்துப் பதினைந்துக்குப் பதினைந்து போடுவார்கள். அக்கா உள்ளே பூட்டிக் கிடக்க, அக்காவை வைத்து இவள் பாஸ் ஆகிவிடலாம். இந்த நினைப்பு வந்ததும் செந்தாமரை பேனாவைக் கீழே வைத்தாள். தன்னைப் பார்த்துத் தானே பயந்தாள், இருட்டில் யாரோ நிற்கிறார்கள் என்று பயப்படுகிற மாதிரி. நித்யாவிடம் சொன்னால் போலீசுக்குப் போவார்களா? போவார்கள். ஏஜென்சி துரத்திவிடும். மகளிடம் என்ன சொல்லுவாள்? பன்னிரண்டரைக்குப் பரீட்சை முடிந்ததும் போன் செய்தால் என்ன, ஹோமிலிருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வர மாட்டார்களா? வர மாட்டார்கள். அப்போது சொல்லவும் மாட்டாள். தன்னைப் பற்றி அவளுக்கு அந்த அளவுக்குத் தெரியும். பன்னிரண்டு தாண்டிவிட்டால் ‘இனிமேல் சொல்லி என்ன’ என்று வந்துவிடும், ‘இனிமேல் சொல்லி என்ன’ என்று வாழ்நாள் முழுக்க இருந்துவிடலாம்.

பதினொன்றே கால். எழுந்து நின்றாள். கட்டம் போட்ட சட்டைக்காரர், "ம், இப்பப் போய்ட்டு வாங்கம்மா" என்றார் தாராளமாக. "இல்லீங் சார், நான் கெளம்பறேன்." அவருக்குப் புரியவில்லை. பாதியில் வெளியே போனால் பேப்பர் செல்லாது, அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார், நல்ல மனிதர்தான். "தெரியுமுங்க" என்றாள். எழுதின தாளை மேசையில் வைத்தாள். எல்லோருடைய போன்களும் கிடந்த பிளாஸ்டிக் கூடையில் தன் போனைத் தேடி எடுக்க இரண்டு நிமிஷம் ஆனது. மாடிப்படியில் பாதி இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நம்பரை அழுத்தினாள். அடிவயிறு இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தது. மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு நொடி தோன்றியது. நித்யா எடுத்துவிட்டாள். "சொல்லுங்க்கா, அதுக்குள்ள முடிஞ்சுதா பரீச்சை?"

"நித்யாம்மா, நான் எட்டு டம்ளர்னு எழுதினது பொய்ங்க." நிறுத்தாமல் மீதியையும் சொன்னாள். "அளக்கவே இல்லீங். ரெண்டு டம்ளர்கூட அக்கா குடிக்கறதில்லீங். பாத்ரூம் கூட்டிட்டுப் போறதுக்கு நான் சலிச்சுக்கிட்டேன், அதுல இருந்து குடிக்கறத நிறுத்திட்டாங்க. எனக்குத் தெரியுமுங்க, தெரிஞ்சேதான் உட்டுட்டேன். இது மறதியா இருக்காதுங்க. ஹோமுக்கு வேண்டாமுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ரத்தமும் யூரினும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, இன்னிக்கே." லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "எத்தனை நாளா?" என்றாள் நித்யா. "ரெண்டு மாசமாங்க." பிறகு அழுகையா ஆத்திரமா என்று பிரிக்க முடியாத குரலில், "பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டனேக்கா. எங்கம்மாவுக்குப் புத்தி போயிருச்சுன்னு நானே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னேனே. இனி எங்க வீட்டுப் படி ஏறிராதீங்க. ஏஜென்சிலயும் சொல்லத்தான் போறேன்" என்றாள். "சொல்லுங்க. வண்டிய மட்டும் ஆஸ்பத்திரிக்கு..." "அங்கதான் போறோம், வைங்க போனை." ஆனால் நித்யா வைக்கவில்லை, வைக்கத் தோன்றாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அழுகிறாள் போலிருந்தது. அழுகைக்குப் பின்னால், கட்டில் பக்கமிருந்து, வறண்ட தொண்டையில் கமலவேணியக்காவின் குரல் கேட்டது.

"யாரு கண்ணு போன்ல, தாமரையா? அவகிட்டச் சொல்லு, காலைல இருந்து நான் ஒருக்காக்கூட எந்திரிக்கலைன்னு சொல்லு. சந்தோசப்படுவா."